பறவைநாகத்தின் பை

சீட்டு என்றாலே முகம் சுளிப்பது நம் வீடுகளின் வழக்கம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும், பால் டென்னன் வகுத்து 2016-இல் வெளிவந்த ‘கிளாங்க்’ ஆட்டத்தில் பந்தயப் பணமும் இல்லை, பகடையும் இல்லை.

பாதாள அறைகள் வரைந்த பலகை. அதில் இருவர் முதல் நால்வர் வரை திருடர்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே வகைப் பத்துச் சீட்டுகள். முறைக்கு ஐந்தை எடுத்தாடி, புதியவற்றை ஈட்டித் தம் கட்டில் சேர்க்கவேண்டும்.

நம்மைக் கவர்ந்தது ஓசைதான். இடறினால் ஓசை, அதற்கொரு நிறக்கட்டை. பறவைநாகம் சீறும்போது சேர்ந்த கட்டைகளெல்லாம் பைக்குள் போகும். துழாவி எடுக்கையில் எவர் நிறம் வருகிறதோ அவருக்குக் காயம். கறுப்பு வந்தால் பிழைத்தோம்! பத்துக் காயத்தில் வீழ்ச்சி. மேலே கிடைக்கும் அரும்பொருளுக்கு மதிப்பெண் ஐந்து. ஆழத்தில் கிடப்பதற்கோ முப்பது. ஆழத்திலேயே வீழ்ந்தவருக்கு ஒன்றுமில்லை.

ஒருநாள் நம் மகன் முப்பதைத் தேடி அடித்தளம் வரை இறங்கினான். இளையவளோ ஏழு மதிப்பெண் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள். ஒருவர் வெளியேறினால் உள்ளிருப்போர்க்குச் சில முறைகளே அவகாசம். நாகம் மேலும் மேலும் சீறும். அவன் முப்பதுடன் பாதிவழியில் வீழ்ந்தான்.

பார்த்திருந்த உம்மும்மாவுக்குப் பொறுக்கவில்லை. “காக்காவை உள்ளே விட்டுவிட்டா ஓடி வந்தாய்?” என்றார்கள்.

“அவர் ஏன் அவ்வளவு ஆழம் போனார்?” என்றாள் அவள்.

விதி அவள் பக்கம். நம் மனமோ உம்மும்மாவின் பக்கம். மகன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கட்டைகளை நிறம் பிரித்து அடுக்கி, தங்கையின் பங்கை அவள் முன் தள்ளினான்.