பனம்பழம் விளையாட்டு

 

மூன்று மாதம் முன்பு இங்கிலாந்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார். 1988இல் பதினொன்றாம் வகுப்பு. இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, ஆனாலும் போனில் குரல் கேட்டால் எனக்கு அரை டவுசர்தான் ஞாபகம் வரும்.

"சார், உங்ககிட்ட அந்த கேசட் இன்னும் இருக்கா?"

எந்த கேசட் என்று நான் கேட்கவே இல்லை. இருக்கிறது என்றேன்.

புதியவர்களுக்காகப் பின்கதை. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வியைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம் பிரிட்டனின் ஏகார்ன் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோ. மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்று நீங்கள் அனுப்பும் ஒரு 'குட்மார்னிங்' படம்கூட அதில் அடங்காது. கொஞ்ச நாள் கழித்து எங்கள் பள்ளிக்கும் இரண்டு வந்தன. கணக்கு வாத்தியாரான என்னை ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்தக் கொடுத்த இயந்திரம்தான். ஆனால் பையன்கள் வந்தது விளையாட. அங்கே பயிற்சிக்கு வந்த ஒருவரிடம் இருந்த இங்கிலீஷ் விளையாட்டு கேசட்டுகளை, இரட்டை டேப் ரெக்கார்டர் வைத்திருந்த பாட்டுக் கடையில் கொடுத்து நான்தான் காப்பி எடுத்து வந்தேன். அது தப்பு என்று அப்போது தோன்றவே இல்லை. இளையராஜா பாட்டையும் அப்படித்தானே பதிந்துகொண்டிருந்தோம்.

என் மாணவர் இப்போது செய்ய நினைப்பது நேர்வழி வியாபாரம். அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை எமுலேட்டரோடு சேர்த்து, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி விற்க வேண்டும். எமுலேட்டர் என்றால், பழைய இயந்திரம் போலவே நடிக்கும் ஒரு மென்பொருள். விளையாட்டுக்குத் தான் பிபிசி மைக்ரோவுக்குள்தான் ஓடுகிறோம் என்று நினைப்பு. எமுலேட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவர் கஷ்டமெல்லாம் கையெழுத்து வாங்குவதில்.

முதலில் எமுலேட்டருக்கே ஒரு உரிமம் உண்டு. மேம் என்ற புகழ்பெற்ற எமுலேட்டரை 2016 வரைக்கும் வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. அடுத்தது, இயந்திரத்தின் உள்ளே சிப்பில் எழுதியிருந்த ரோம் மென்பொருள். அது இல்லாமல் எதுவும் ஓடாது, அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் விஷயத்தில் அதிர்ஷ்டம். 1986இல் சின்கிளேரிடமிருந்து அதை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் கம்பெனியின் ஊழியர் ஒருவர், 1999இல் கம்பெனி சார்பில், காப்புரிமை வரியை அழிக்காமல் எமுலேட்டரோடு ரோமைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார். ஒரு கடிதம், ஆயிரம் பேருக்கு நிம்மதி. காமடோர் 64க்கு அப்படி இல்லை, அதன் ரோமை உரிமம் வாங்கித்தான் விற்கிறார்கள். 2009இல் ஐபோனுக்கு ஒரு காமடோர் 64 எமுலேட்டரை முறைப்படி உரிமம் வாங்கியே கொண்டுவந்தார்கள். ஆப்பிள் அனுமதித்தது. உள்ளே புகுந்து பேசிக் மொழியில் புரோகிராம் எழுத ஒரு திருட்டு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் சில நாளில் தூக்கிவிட்டது. எழுதிப் பார்க்கத்தானே அந்தக் கம்ப்யூட்டரே வந்தது! எனக்கு இன்றுவரை சிரிப்புதான்.

இதற்கெல்லாம் பிறகுதான் விளையாட்டு வருகிறது. கம்பெனி மூடியிருக்கும், அல்லது மூன்று கை மாறியிருக்கும். எழுதிய பையனுக்கு அன்று பதினாறு வயது, ஒப்பந்தம் இருந்ததா என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இசை ஒருவர், அட்டைப்படம் இன்னொருவர், பெயர் ஏதோ ஒரு சினிமாவுடையது. சொத்தெல்லாம் ஒரே கையில் இருந்தால் காரியம் சுலபம். அல்டிமேட் கம்பெனியின் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் ரேர் கம்பெனி வழியாக மைக்ரோசாப்ட் கைக்குப் போனதால், 2015இல் 'ரேர் ரீப்ளே' தொகுப்பில் ஜெட்பேக், நைட் லோர் எல்லாம் மறுபடி கடைக்கு வந்தன. இன்னொரு பக்கம், 'சிஸ்டம் ஷாக் 2' என்ற விளையாட்டின் உரிமை, செய்த கம்பெனி 2000இல் மூடிய பிறகு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கிடந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்த ஒருவரால்தான் 2013இல் மறுபடி விற்பனைக்கு வந்தது. தேட ஆள் இல்லாதது அப்படியே கிடக்கும். 2023இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். காமடோர் 64 விளையாட்டுகளில் அப்போது கடையில் வாங்கக் கிடைத்தது 4.5 சதவீதம்.

என் மாணவர் பட்டியலில் அறுபது விளையாட்டு. பதினான்கு மாதம் அலைந்து ஒன்பதுக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். பத்தாவதாக அவர் சேர்க்க நினைத்ததுதான் என்னிடம் இருந்த கேசட்.

அது அவருடைய பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் செய்தது. உடன்குடி பக்கம், அப்பா பனையேறி. பள்ளி முடிந்து கடைசி பஸ் வரும்வரை கம்ப்யூட்டர் அறையில்தான் இருப்பான். மேலேயிருந்து பனம்பழம் விழும், கீழே ஒரு ஆள் ஓலைப்பெட்டியோடு இடமும் வலமும் ஓடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் திரையில் தலைப்பு தமிழில் வரும்! பிபிசி மைக்ரோவில் எட்டுக்கு எட்டு கட்டத்தில் நாமே எழுத்து வரைந்துகொள்ளலாம். ப, ம், சரி. ன, ழ இரண்டும் ஒரு கட்டத்தில் அடங்காமல் ரெண்டு ரெண்டு கட்டம் எடுத்தான். "ஏன்டா பனம்பழம்னு வச்ச?" என்று கேட்டேன். "நாலு எழுத்து வரைஞ்சா போதும் சார், ப-வும் ம்-மும் ரெண்டு தடவை வருது" என்றான்.

1996இல் ஒரு சாலை விபத்தில் போய்விட்டான். இருபத்து நாலு வயது.

கேசட்டை டால்டா டப்பாவில் வைத்திருந்தேன். மாணவர் சொன்னபடி பேரன் அதை ஓடவிட்டு, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்து அனுப்பினான். நொடிக்கு 1200 பிட், அந்தச் சத்தம்தான் புரோகிராம். மறுநாள் மாணவர் வீடியோ அனுப்பினார். பனம்பழம் விழுந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இனி கையெழுத்து. நம் சட்டத்தில் 1984 திருத்தத்திலிருந்து கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான். எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. பையன் கணக்கில் 2056 முடிகிற வரை. கல்யாணம் ஆகாதவன், அப்பாவும் இல்லை. வாரிசு அவன் அம்மாதான். விற்பதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும் என்று மாணவர் ஒப்பந்தத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. மகள் வீட்டில் இருக்கிறார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை, "கம்ப்யூட்டர் சார்" என்றதும் தெரிந்துவிட்டது. பேரனின் போனில் விளையாட்டைக் காட்டினேன். போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்:

"வீட்டுல வந்து ஆப்பிளு விழுது ஆப்பிளு விழுதுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தான் சார். நான்தான் சொன்னேன், இங்க ஏதுல ஆப்பிளு, பனம்பழம்னு வையின்னு."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

ஆப்பிள். அப்போது இங்கிலீஷ் கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் முழுப் புரோகிராமையும் வரி வரியாக அச்சடிப்பார்கள், வாசகர்கள் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்ள வேண்டும். பயிற்சிக்குப் போன கல்லூரி நூலகத்தில் அப்படி ஒன்றை மூன்று பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வந்து அவனிடம் கொடுத்தது நான். மரத்திலிருந்து ஆப்பிள் விழும், கூடையில் பிடிக்க வேண்டும். அதைத்தான் அவன் மாற்றி மாற்றி எழுதினான். மேலே முதல் வரியில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. "இவ்வளவு மாத்திட்டியே, உன் பேரைப் போடுடா" என்று சொன்னதும் நான்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில், திருச்செந்தூர் தாண்டுகிறவரை சொல்லாமல் இருந்துவிடலாம் என்றே நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒன்பது பேரிடம் முறையாகக் கேட்டு வாங்கிய பையனின் தொகுப்பில் பத்தாவதாக இதை நான் நுழைத்துவிட முடியுமா? ராத்திரி போன் செய்து சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சொல்லாம இருந்திருக்கலாம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பழைய பத்திரிகைகளையெல்லாம் யாரோ புண்ணியவான்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டே நாளில் அந்தப் பக்கங்கள் கிடைத்தன. 180 வரியில் 110 வரி அப்படியே அதே. மீதிதான் நம் பையன். அந்த 110 வரியை வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதலாம், ஆனால் அப்புறம் அது அவன் ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருந்து தட்டியதாக இருக்காது.

பத்திரிகை நின்று பல வருஷம். நடத்திய நிறுவனம் இன்னொன்றிடம் போய், அது மற்றொன்றிடம் போயிருக்கிறது. அவர்களுக்கு எழுதினால், வாசகர் அனுப்பிய புரோகிராம் எங்களுடையதா அவருடையதா என்று எங்களிடம் பதிவு இல்லை என்று பதில். பிரிட்டனில் 2014 முதல் ஒரு வழி இருக்கிறது. உரிமையாளரை ஒழுங்காகத் தேடியும் கிடைக்காவிட்டால் அரசின் அறிவுசார் சொத்து அலுவலகமே உரிமம் கொடுக்கும். ஏழு வருஷத்துக்கு, அந்த நாட்டுக்குள் மட்டும். தேடியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பாரதி பாட்டின் உரிமையும் யார் யார் கையிலோ இருந்து 1949இல்தான் அரசு வாங்கியது. ஆனால் அங்கே யாரிடம் கேட்பது என்றாவது தெரிந்திருந்தது. இங்கே யாரும் காசு பார்க்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரி என்று சொல்லத்தான் ஆளில்லை. எழுதியவனைக் காக்கத்தான் சட்டம் என்பதை நாற்பது வருஷம் வகுப்பில் சொன்னவன் நான், இப்போதும் சொல்வேன். ஆனால் இப்படி ஆளில்லா வீட்டைப் பூட்டி வைக்கிற அளவுக்கு நீளமான சட்டம் யாருக்கு என்றுதான் புரியவில்லை.

போன வாரம் மறுபடி உடன்குடிக்குப் போனேன். கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ஜெராக்ஸ் கொடுத்தது, பெயரைப் போடச் சொன்னது, எல்லாவற்றையும். முழுக்கக் கேட்டார்கள். தாளை வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்ப அது எம்புள்ள செஞ்சது இல்லியா சார்?"

"பனம்பழம் அவன்தாம்மா. ஓலைப்பெட்டி, அந்தத் தமிழ் எழுத்து, எல்லாம் அவன்தான். மரம் வேற ஒருத்தரோடது."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆளு பேரு தெரியும்லா?"

"தெரியும்மா. முதல் வரியில இருக்கு."

"பின்ன என்ன சார். ஊரு எதுன்னு விசாரிக்கச் சொல்லுங்க அந்தத் தம்பிய. அவுகளும் இப்ப வயசாளியாத்தான் இருப்பாக. இப்படி எம்புள்ள உங்க மரத்துல பனம்பழம் காய்க்க வச்சிட்டான்னு சொன்னா, வேண்டாம்னா சொல்லிருவாக?"

தாள் என் பையில்தான் இருக்கிறது. மாணவர் தேடிக்கொண்டிருக்கிறார்.