நீரோடி வரை ஒரு ஃபுட்பால் டூர்

ஊர் ஊராகப் போய்க் கோயில் பார்ப்பவர்கள் உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பெண் பார்ப்பவர்களும் உண்டு. (என் நண்பர் ஒருவர் பதினேழு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, இன்னும் 'ஜாதகம் சேரலை' என்கிறார்.) ஊர் ஊராகப் போய் ஃபுட்பால் கிரவுண்டு பார்ப்பவர்களைக் கேள்விப்பட்டதுண்டா?

பிரிட்டனில் அது ஒரு செல்ல வியாதி. 'கிரவுண்டு ஹாப்பிங்' என்று பெயர். இங்கிலாந்து லீகிலுள்ள 92 கிளப்புகளின் மைதானத்திலும் மேட்ச் பார்த்து முடித்தவர்களுக்காக 1978-ல் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் இந்த வியாதி இன்னும் முற்றிய நிலை. பெரிய ஸ்டேடியத்தை விட்டுவிட்டு, லீகிலேயே இல்லாத குட்டிக் கிளப்புகளின் மைதானங்களைத் தேடி மழையில் நனைந்துகொண்டு போகிறார்கள். அங்கே இந்த வகை ஆட்டத்துக்கு 'ஜூனியர்' என்று பெயர். டவுசர் போட்ட பையன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுகிறவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டிக்காரர்கள்! 1886-லிருந்து அவர்களுக்கென்று தனிக் கோப்பை நடக்கிறது. 2020 வாக்கில் பெரும்பாலான ஜூனியர் கிளப்புகள் சீனியர் லீக் ஏணியின் கீழ்ப்படிகளில் தொற்றிக்கொண்டன. அதில் ஆக்கின்லெக் டால்பட் என்று ஒன்று, நிலக்கரிச் சுரங்க கிராமத்து டீம். 2019 ஜனவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஏர் யுனைடெட் என்ற சம்பளக்கார டீமை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. கிராமத்தில் அன்றைக்கு எவன் தூங்கியிருப்பான்?

எனக்கும் ஆசைதான். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. பாஸ்புக்கில்தான் ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்து போக முடியாதவன் ஸ்காட் காலேஜ் கிரவுண்டுக்காவது போகலாமே என்று நாகர்கோவிலிலிருந்தே ஆரம்பித்தேன். (காலேஜின் பெயர் பணம் கொடுத்த ஸ்காட் என்ற துரையுடையது. ஸ்காட்லாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அண்ணா ஸ்டேடியம் இரண்டாவது. விதி ஒன்றே ஒன்றுதான்: முழு மேட்ச் பார்த்தால்தான் கணக்கு. பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு பேரேடு போட்டு, தேதி, ஊர், ஸ்கோர், சாயாவின் தரம் எல்லாம் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கிரவுண்டோடு டவுன் கணக்கு முடிந்துவிட்டது. அசல் நாஞ்சில் நாடு என்றால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான் என்று சண்டைக்கு வரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நெல் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்த வயலில் பார்த்தால், மூன்று குச்சி நட்டு கிரிக்கெட்! ஃபுட்பால் வேண்டுமானால் மேற்கே, பழைய விளவங்கோடு தாலுகாவின் கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

காரணம் சிம்பிள். மணலில் கிரிக்கெட் பந்து எழும்பாது. எழும்பாத பந்துக்கு பேட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதை விட, பந்தைக் காலால் உதைப்பது புத்திசாலித்தனம்.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, நித்திரவிளை வழியாக இறங்கினால் கடல் வந்துவிடும். இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள். ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தரலாம். நீரோடியைத் தாண்டினால் கேரளா. அங்கே முதல் ஊர் பொழியூர். அதை 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்றே சொல்வார்கள், அவ்வளவு பிளேயர்கள். 1956 நவம்பர் 1-ல் எல்லையைப் பிரித்தவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள். பந்தைப் பிரிக்க முடியவில்லை.

இந்தப் பக்கமும் லேசுப்பட்டதல்ல. இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ், 2019-20 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தவர். ஃபைனலில் அவர்களிடம் தோற்றது யார் தெரியுமோ? நம்ம சென்னையின் எஃப்.சி.! கொரோனா பயத்தில் கோவாவில் காலி ஸ்டேடியத்தில் நடந்த ஃபைனல் அது. இங்கே சாதாரண ஒரு மின்னொளி செவன்ஸ் போட்டிக்கு, கரையேற்றி வைத்த வள்ளத்தின் மேலெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் நடந்தாலே எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பையன்கள் செருப்பில்லாமல் மணிக்கணக்காக ஓடுகிறார்கள். தரையோடு பாஸ் கொடுத்தால் பந்து பாதியில் படுத்துவிடும். அதனால் தூக்கித்தான் கொடுக்க வேண்டும், வருகிற பந்தை முதல் தொடுகையிலேயே அடக்க வேண்டும். இப்படி வளர்ந்தவனைக் கொண்டுபோய்ப் புல்தரையில் விட்டால் கேட்க வேண்டுமா! பேங்க், ரயில்வே, போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போகிறார்கள். அப்பா ஆழ்கடலில் சுறா பிடிக்க வாரக்கணக்கில் போகிற வீட்டில், மாசம் பிறந்தால் சம்பளம் என்பது என்னவென்று ஆபீஸ் போகிற நமக்குச் சுலபத்தில் புரியாது.

எட்டில் ஒரு ஊரில், பேர் வேண்டாம், சாயாக்கடையில் ரசவடை கடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த அண்ணன் என் பேரேட்டையே பார்த்தார்.

"எங்கயிருந்து வாறிய?"

"நாகர்கோவிலு. கிரவுண்டு பாக்க வந்தேன்."

"சர்வேக்கா?" முகம் மாறிவிட்டது.

"இல்லண்ணே, சும்மா. மேட்ச் பாக்க."

"சும்மா பாக்கவா நாகர்கோவில்ல இருந்து வந்திய?" என்று கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எழுந்து, வாங்க என்று கரைக்குக் கூட்டிப்போனார். கையை நீட்டினார். தண்ணீருக்குள் கருங்கல் குவிந்து கிடந்தது. "அந்தக் கல்லு கிடக்குல்லா? நாங்க ஆடும்போ பெனால்ட்டி அங்க வச்சுதான் அடிப்போம்."

நான் பார்க்க வந்த கிரவுண்டு அதில் மிச்சமிருந்த பாதி.

கணக்குப்பதிவியலில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள்: கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, மெஷினுக்கு உண்டு, நிலத்துக்குக் கிடையாது. நிலம் தேயாதாம்! அந்தப் புத்தகத்தை எழுதியவரைத் தென்மேற்குப் பருவமழையில் ஒரு ஜூன் மாசம் இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தடுப்புச்சுவர் போடுகிறார்கள், தூண்டில் வளைவு போடுகிறார்கள். அங்கே கல் போட்டால் கடல் பக்கத்து ஊரில் நுழைகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பின்னால் நகரலாம் என்றால் வீட்டுக்கு வீடு ஒட்டிக் கிடக்கிறது. அதற்கும் பின்னால் 1860-ல் வெட்ட ஆரம்பித்த ஏ.வி.எம். கால்வாய். (மெய்யப்பச் செட்டியார் வெட்டியதல்ல, அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய்.) முன்னால் கடல், பின்னால் கால்வாய், நடுவில் சர்ச், பள்ளிக்கூடம், வீடு, வலை உணத்த இடம். இதில் கோல்போஸ்டை எங்கே நடுவது? பதினோரு பேர் ஆட்டம் ஏழு பேர் ஆட்டமாகச் சுருங்குவதில் ஆச்சரியமில்லை. நான் பார்த்த ஓரிடத்தில் ஏழும் ஐந்தாகிவிட்டது.

இந்த இடத்தில் 'அரசு உடனே கவனிக்குமா?' என்று எழுதுவது வழக்கம். அரசு கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. கடலும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. கடலுக்கு டெண்டர் விடும் வேலை இல்லை.

நான் பார்த்த மேட்ச் ஒரு நினைவுக்கோப்பை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் போய்த் திரும்பாதவர்கள் இந்த எட்டு ஊர்களிலும் உண்டு. அப்படிப் போன ஒருவரின் பெயரில் கோப்பை. ஃப்ளெக்ஸ் போர்டில் அவர் ஜெர்ஸி போட்டு, பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். பரிசு கொடுக்க அவருடைய அப்பாவை பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. மைக்காரர், "ஆறாம் நம்பர் சட்டை! ஆறாம் நம்பர் சட்டை!" என்று கத்தியபோது மட்டும் நிமிர்ந்தார். போர்டைத் திரும்பிப் பார்த்தேன். அதிலும் ஆறுதான்.

இரண்டாம் பாதியில் பந்து மூன்று தடவை கடலுக்குள் போனது. ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு வயசுப் பொடியன் ஒருவன் யாரும் சொல்லாமலே அலைக்குள் பாய்ந்து எடுத்து வந்தான். ரெஃப்ரி வாட்சை நிறுத்தி வைத்து, நனைந்த பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். 2-1. பேரேட்டில் எழுதினேன். சாயா: நன்று. ரசவடை: மிக நன்று.

எட்டில் ஐந்து முடிந்தது. பாக்கி மூன்றை மெதுவாக அடுத்த கிறிஸ்துமஸுக்கு, கடலுக்குப் போனவர்கள் எல்லாம் ஊர் திரும்பும் சமயத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். பஸ் ஏறும் வரை கூடவே நின்றவர், ஜன்னல் பக்கம் வந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு வேண்டாம் தம்பி. ஜூனுக்கு முந்தி வாங்க."