ஏ.சி. நமக்கில்லை, நூலுக்கு! ராஜபாளையம் முதல் கிருஷ்ணன்கோவில் வரை ஒரு பஸ் பயணம்

ராஜபாளையம் என்றால் நாய் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், அடுத்த நொடியே பால்கோவா. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை ரோட்டில் இன்னும் 10 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணன்கோவில். இந்த வழியில் போகிறவர்கள் மேற்கே தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். நான் இந்த முறை கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். அதிலும் யாரும் செல்ஃபி எடுக்காத பகுதிகளை: மொட்டை மாடி, ஜெனரேட்டர் ஷெட், பின்பக்கச் சுவரில் ஓடும் குழாய்கள்.

காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக விளம்பரங்களில் 'அதிநவீன ஆராய்ச்சிக் கட்டடம்' என்று போட்டு ஒரு மெஷினின் படம் இருக்கும். அந்த மெஷின் ஒழுங்காக வேலை செய்ய, சுற்றியிருக்கும் காற்று, கரன்ட், தண்ணீர், குழாய் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கட்டுமானத் துறையில் இந்த வேலைக்கு 'எம்.இ.பி.' என்று பெயர். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், பிளம்பிங். வீட்டில் ஒரு எலெக்ட்ரீஷியனும் ஒரு பிளம்பரும் முடித்துவிடுகிற விஷயம்தான். ஆராய்ச்சிக் கட்டடத்தில் இதில் கோட்டை விட்டால், ஐந்து வருடம் பி.எச்டி. செய்கிற ஒரு பெண்ணின் மாதிரிகள் ஒரே இரவில் கெட்டுப்போகலாம். அவருடைய நுரையீரலும்தான்.

முதலில் ராஜபாளையம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பஞ்சை நூலாக்கும் மில்லுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காற்றில் ஈரம் சரியாக இருக்க வேண்டும். வறண்டால் நூல் அறும், பஞ்சில் மின்னூட்டம் ஏறி இழைகள் ஒன்றையொன்று தள்ளும். ஈரம் கூடினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். நூற்கும் பகுதியில் ஈரப்பதம் 55, 60 சதவிகிதத்தை ஒட்டி நிற்க வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயருக்கு அந்த ஈரத்தை வானமே கொடுத்தது. நம் ஊர் சித்திரை வெயில் கொடுக்குமா? அதனால் மில்லில் 'ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்' என்று ஒன்று வைப்பார்கள். ஓர் அறையில் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து, அதன் வழியே காற்றை இழுத்து, மேலே டக்ட் வழியாக மெஷின்கள் மேல் இறக்குவார்கள். தரைக்கடியில் இருக்கும் பள்ளம் வழியாக அதே காற்று பஞ்சுத் தூசியோடு திரும்பி வரும். வடிகட்டி மறுபடி அனுப்புவார்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "மில்லுக்குள்ள ஏ.சி. மாதிரி இருக்குமாமே, வேலை பார்க்க சுகமா இருந்திருக்குமே ஐயா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "ஏ.சி. எங்களுக்கு இல்ல தம்பி, நூலுக்கு!"

அவர் விளையாட்டாகச் சொன்னது வரலாறும்கூட. 1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த குளிர்சாதன அமைப்பு, நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரியாமல் இருப்பதற்காக. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லையே 1906-ல் உருவாக்கியவர் ஸ்டுவர்ட் கிரேமர் என்ற அமெரிக்கப் பருத்தி மில் இன்ஜினீயர். மனிதனுக்கு வியர்க்கிறதே என்று யாரும் முதலில் கவலைப்படவில்லை!

ஆராய்ச்சிக் கட்டடத்திலும் கதை அதேதான். ஏ.சி. பெரும்பாலும் ஆளுக்காக ஓடுவதில்லை, சோதனைக்காக ஓடுகிறது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மில்லில் காற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வேதியியல் ஆய்வகத்தில் உள்ளே வந்த காற்று ஒருமுறைதான், பிறகு வெளியே.

இதைப் புரிந்துகொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவது நல்லது. பால்கோவா கிண்டும் அடுப்படி ஒன்றை எட்டிப் பாருங்கள். புகை மேலே போக வழி இல்லாவிட்டால் கிண்டுகிறவரின் கண் என்ன ஆகும்? ஆய்வகத்தில் அந்தப் புகைபோக்கிக்குப் பெயர் ஃப்யூம் ஹுட். முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே அமிலமும் கரைப்பானும் கொதிக்கும், மேலே ஒரு விசிறி எல்லாவற்றையும் இழுக்கும். கதவின் திறப்பில் காற்று நொடிக்கு சுமார் அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். குறைந்தால் புகை முகத்துக்கு வரும். ரொம்பக் கூடினாலும் சுழல் உண்டாகி வெளியே கசியும். ஒன்றரை மீட்டர் அகலக் கதவை அரை மீட்டர் தூக்கி வைத்தால், நொடிக்கு 375 லிட்டர் காற்று அதன் வழியாக வெளியே போகிறது. அத்தனையும் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று! ஒரு ஃப்யூம் ஹுட் மூன்றரை வீடுகளின் ஆற்றலைத் தின்கிறது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கணக்குப் போட்டது. அவர்கள் ஊர் வீடு, அவர்கள் ஊர் குளிர். ஆனால் விகிதம் புரிகிறது அல்லவா?

கரன்ட் பில்லைப் பார்த்து விசிறியை நிறுத்தச் சொல்லும் ஆசை இங்கேதான் வருகிறது. நல்ல வடிவமைப்பு அந்த ஆசைக்கு இடம் வைக்காது. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சென்சார் பார்த்து, அதற்கேற்ப விசிறியின் வேகத்தைக் குறைக்கும். மாணவர்கள் செய்ய வேண்டியது, வேலை முடிந்ததும் கதவை இறக்குவது மட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதற்குப் போட்டியே வைத்தார்கள்.

இழுத்த காற்றை மாடியில் எங்கே விடுவது என்பது அடுத்த சிக்கல். ஆனி, ஆடியில் இங்கே காற்று மேற்கே மலைப்பக்கமிருந்து அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. ஒரு பருவத்தைப் பார்த்து மட்டும் புகைபோக்கியை வைத்தால், அடுத்த பருவத்தில் அந்தப் புகையே கட்டடத்தின் காற்று உறிஞ்சும் ஜன்னலுக்குள் திரும்பி வரும். அதனால்தான் குழாயைக் கூரைக்கு மேல் குறைந்தது மூன்று மீட்டர் உயர்த்தி, வேகமாக மேல்நோக்கித் துப்பவைக்கிறார்கள்.

இந்த ஊரில் உயரம் என்றால் 11 நிலை, 192 அடி ராஜகோபுரம். கலசம்தான் இடிதாங்கி என்று வாட்ஸ்அப்பில் வரும் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. இன்றைய கட்டடங்களுக்கு மின்னல் இறங்கத் தனிக் கம்பியும், மண்ணுக்குள் எர்த் பிட்டும் கட்டாயம் வேண்டும்.

கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் வளாகம் இருக்கிறது. இங்குள்ள சர்வதேச ஆராய்ச்சி மையத்துக்கு நன்றி சொல்லும் வரிகளை ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் பார்க்கலாம். இப்படிப்பட்ட மையங்களில் இரண்டு மெஷின்கள் எம்.இ.பி. இன்ஜினீயரைத் தூங்கவிடாது.

ஒன்று, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப். பொருளை லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாக்கும்போது, அறையின் சின்ன அதிர்வும் அதே அளவு பெரிதாகும். ரோட்டில் போகும் லாரி, பக்கத்து லிஃப்ட், ஏ.சி. காற்றின் மெல்லிய வீச்சு, சுவருக்குள் போகும் தடித்த கேபிளின் காந்தப்புலம், எதுவும் படத்தைக் கலைக்கும். அதனால் தரைத்தளம், தனியாகப் பிரித்த கான்கிரீட் மேடை, லிஃப்ட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாத மூலை. இதைக் கட்டடம் எழும்பிய பிறகு யோசித்தால் இடிப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, என்.எம்.ஆர். மூலக்கூறின் அமைப்பைச் சொல்லும் கருவி. இதன் காந்தம் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும். ஒருமுறை மின்னோட்டம் ஏற்றிவிட்டால் கரன்ட் போனாலும் காந்தம் சாகாது. ஹீலியம் தீர்ந்தால்தான் ஆபத்து. அப்போது திரவம் சட்டென்று ஆவியாகி சுமார் 700 மடங்கு விரியும். நிறமில்லை, மணமில்லை, அறையின் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். ஆகவே மெஷினிலிருந்து நேராக வெளியே போகும் குழாய், ஆக்ஸிஜன் குறைந்தால் கத்தும் அலாரம், வெளிப்பக்கம் திறக்கும் கதவு மூன்றும் வேண்டும். கதவு உள்பக்கம் திறந்தால், அறைக்குள் ஏறும் அழுத்தத்தில் இழுக்கவே முடியாது.

கரன்ட் கட் இந்தப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. ஜெனரேட்டர் எழுந்து சுமை ஏற்க 10, 15 நொடி ஆகும். மைக்ரோஸ்கோப்புக்கு அந்த 15 நொடியைத் தாங்க யு.பி.எஸ். வேண்டும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் போதும், ஆனால் இரவு 2 மணிக்கும் தானாகக் கிளம்ப வேண்டும். நம் பி.எச்டி. பெண்ணின் மாதிரிகள் அதற்குள்தான் இருக்கின்றன. கரன்ட் திரும்பும்போது எந்த விசிறி முதலில் சுற்ற வேண்டும் என்பதும் முக்கியம். புகையை இழுப்பது முதலில், காற்றைத் தள்ளுவது பிறகு. மாறினால் ஆய்வகத்து வாடை வராண்டாவுக்கு வந்துவிடும்.

எர்த் பிட்டில் கரியும் உப்பும் போட்டு மூடியதோடு வேலை முடிவதில்லை. கத்திரி வெயிலில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

தண்ணீர்தான் இங்கே எல்லாவற்றுக்கும் மேல். தண்ணீரால் குளிரும் 100 டன் சில்லர் முழுவீச்சில் ஓடினால், கூலிங் டவரில் மணிக்கு 600 லிட்டருக்கு மேல் ஆவியாகும். போர் தண்ணீரின் உப்பு வேறு குழாயில் படியும். காற்றால் குளிரும் சில்லருக்கு இந்தத் தொல்லை இல்லை, கரன்ட் கூடுதலாகும். விருதுநகர் மாவட்டத்தில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? நான் காற்றையே சொல்வேன், பில் கூடினாலும். ஆய்வகத்து ஏ.சி. காயிலில் மழைக்காலத்தில் சொட்டும் தண்ணீரைக் குழாய் போட்டுத் தோட்டத்துக்கு விட்டால், அது இலவசம்.

மகளையோ மகனையோ ஆராய்ச்சிப் படிப்பில் சேர்க்கப் போகிறவர்கள், எந்தக் கல்லூரியானாலும், மெஷினைக் காட்டி முடித்ததும் அனுமதி கேட்டு ஃப்யூம் ஹுட் பக்கம் போங்கள். கதவைக் கொஞ்சம் தூக்கி, ஒரு டிஷ்யூ பேப்பரின் நுனியைப் பிடித்து, திறப்பில் தொங்கவிடுங்கள். பேப்பர் உள்பக்கம் சாய வேண்டும். சாயாமல் நேராகத் தொங்கினால், விசிறி எப்போது சர்வீஸ் ஆனது என்று கேளுங்கள்.