ஜன்னலுக்குள் 29.92

பழைய விமானக் கருவிகளை விற்கிறவர்கள் யாரும் "இது டகோட்டா சரக்கு விமானத்தில் இருந்தது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடிகாரமா, ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். திசைகாட்டியா, அதுவும் ஸ்பிட்ஃபயர். புதுப்பேட்டைக் கடை ஒன்றில், கழற்றிப் போட்ட கியர் பாக்ஸ்களுக்கு நடுவே கிடந்த உயரமானியை எடுத்துத் துடைத்தபோது கடைக்காரரும் அதையேதான் சொன்னார். எப்போதோ ஏலத்தில் மூட்டையோடு வந்ததாம். பேரம் பேசி வாங்கிவிட்டேன்.

கறுப்பு முகம், பெரிதும் சிறிதுமாக மூன்று முட்கள், கீழே திருகுவதற்கு ஒரு குமிழ், முகத்தில் சின்னதாக ஒரு ஜன்னல். எந்த விமானத்தில் இருந்தது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற வெறி எனக்கு. விமானம் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே மீனம்பாக்கம் பக்கம் கேமராவோடு நிற்கிற ஒரு கூட்டம் உண்டு. வாலைப் பார்த்தே பதிவெண் சொல்லிவிடுகிற ஆட்கள். அவர்கள்தான் என்னை ஒரு பெரியவரிடம் அனுப்பினார்கள். விமானக் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவர் முட்களைப் பார்க்கவே இல்லை. நேராக அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"இது ஸ்பிட்ஃபயர் இல்ல தம்பி. அமெரிக்கா."

உயரமானி உயரத்தை அளப்பதில்லை, காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. உள்ளே காற்று நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். மேலே போகப் போக வெளி அழுத்தம் குறையும், பெட்டி உப்பும், அந்த அசைவைப் பல்சக்கரங்கள் முள்ளுக்குக் கடத்தும். ஆனால் தரையிலேயே அழுத்தம் நாளுக்கு நாள் மாறுகிறதே! அதனால் அன்றைய அழுத்தத்தைக் கேட்டு, குமிழைத் திருகி, ஜன்னலில் அந்த எண்ணை வைக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படைக் கருவிகளின் ஜன்னலில் இருப்பது மில்லிபார். கடல்மட்டத்தில் 1013 என்பது போல் நான்கு இலக்கத்தில் வரும். அமெரிக்கர்களுக்குப் பாதரச அங்குலம். அதே அழுத்தம் 29.92 ஆகிவிடும். என் கருவியில் 28இல் தொடங்கி 31 வரை இருந்தது. ஸ்பிட்ஃபயர் கதை அரை நிமிடத்தில் முடிந்தது.

அந்த ஜன்னலுக்கு விமானிகள் இன்றும் கோல்ஸ்மன் ஜன்னல் என்றுதான் பெயர் சொல்கிறார்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பால் கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானியை வைத்துத்தான், 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் உட்கார்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து விமானத்தை மேலே கிளப்பி, சுற்றி வந்து, தரையிறக்கினார். மேகத்துக்குள் பறப்பது அதுவரை பாதி சூதாட்டம்.

பெரியவர் கருவியைக் குப்புறத் திருப்பினார். பின்பக்கத் தகட்டில் அழுக்கைத் துணியால் ஒற்றி எடுத்தார். அமிலம் எதுவும் போடக்கூடாது, எழுத்துகளில் உள்ள பெயிண்ட் போய்விடுமாம். கோல்ஸ்மன் பெயருக்குப் பக்கத்தில் ஸ்கொயர் டி கம்பெனி என்று இருந்தது. கோல்ஸ்மன் தன் நிறுவனத்தை ஸ்கொயர் டிக்கு விற்றது 1940இல். ஆக, அதற்கு முந்தைய சரக்கு இல்லை. கீழே ஏ.எஃப். என்ற எழுத்துகளோடு 43 என்று தொடங்கும் வரிசை எண். அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு வாங்கிய ஆண்டு அது. மாதிரி, சி-12. வேறொரு துப்பை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. பக்கவாட்டில் ஒட்டிப் பழுத்துப்போன காகிதத் துணுக்கு ஒன்றில் ரப்பர் ஸ்டாம்ப். 'பெங்களூர்' என்பதில் பாதியும் '56' என்பதும் மட்டும் மிச்சம்.

பெங்களூர் என்றதும் என் மனம் நேரே லிபரேட்டருக்குப் போய்விட்டது. போகாமல் எப்படி இருக்கும்? விமானப் பிரியர்களின் உலகத்தில் இந்தியாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கதையே அதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கடன் ஏற்பாட்டில் வந்த அமெரிக்க விமானங்களைப் பிரிட்டிஷ்காரர்கள் ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லை ஒழித்துக் கட்ட வேண்டும். கான்பூரில் நின்ற பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை மீண்டும் பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் 1940இல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் அங்கே போய், பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். அவற்றைப் பெங்களூர் வரை ஓட்டி வந்தவர் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. அந்த வேலைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பெங்களூரில் முழுதாகப் பழுது பார்த்து, நாற்பதுக்கும் மேற்பட்டவை இந்திய விமானப்படைக்குப் போயின. கடைசி லிபரேட்டர்கள் ஓய்வு பெற்றது 1968இல்.

அப்போதுதான் உலகம் விழித்துக்கொண்டது. 18,000க்கும் மேல் தயாரித்த அமெரிக்கா, போர் முடிந்த கையோடு ஏறக்குறைய அத்தனையையும் உருக்கிப் பாத்திரம் பண்டமாக்கிவிட்டிருந்தது. அருங்காட்சியகத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் இந்தியாவில்தான் கேட்க வேண்டும். 1968இல் ஒன்று கனடாவுக்கு, 1969இல் இன்னொன்று அமெரிக்காவின் டூசானுக்கு, 1974இல் வேறொன்று பிரிட்டனுக்கு. மூன்றும் பறந்தே போயின. 1981இல் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் ஒருவர் இங்கே கிடந்த ஒன்றைப் பிரித்து எடுத்துப் போனார். அமெரிக்கரான காலிங்ஸ் அதை வாங்கிப் புதுப்பித்து 1989இல் பறக்கவிட்டார். தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நமக்கென்று ஒன்று நிற்கிறது. பழசைத் தூக்கி எறிய மனமில்லாத நம் வழக்கத்தைக் கேலி செய்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கலாம்.

"லிபரேட்டராகவே வச்சுக்கலாமா சார்?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார்.

"56ல பெங்களூருக்கு டகோட்டாவும்தான் வேலைக்கு வந்துச்சு."

உண்மைதான். போர் உபரியாகக் கிடந்த டகோட்டாக்களை வாங்கித்தான் இந்தியாவில் புதுப்புது விமான கம்பெனிகள் முளைத்தன. அவற்றைப் பயணிகள் விமானமாக மாற்றிக் கொடுத்ததும் அதே பெங்களூர்த் தொழிற்சாலை. 1949இல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் மதராஸ், பம்பாய், கல்கத்தா, தில்லி நான்கிலிருந்தும் டகோட்டாக்கள் கிளம்பி நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் திரும்பின. 1953இல் எட்டு கம்பெனிகளைச் சேர்த்து அரசு விமான நிறுவனம் ஆக்கினார்கள். மதராஸ் ஏலத்துக்கு ஒரு மூட்டை வர இந்த வழியே தோது.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குள் அழைத்துப் போய், பிளைவுட்டில் தாமே செய்துகொண்டிருக்கும் டகோட்டாக் கருவிப் பலகையைக் காட்டினார். வட்ட வட்டமாகத் துளைகள், ஒவ்வொன்றும் மூன்று அங்குலம் ஒரு நூல். எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த விமானத்துக்குப் போனாலும், இந்த அளவுக் கருவிக்கு இதே துளை, அதே நான்கு திருகு. ஒன்று பழுதானால் பிடுங்கிவிட்டு அலமாரியில் இருக்கும் அடுத்ததைப் பூட்டி, விமானத்தைப் பத்து நிமிடத்தில் அனுப்ப வேண்டும். கழற்றியது பட்டறைக்குப் போய்ச் சரியாகி, வேறொரு விமானத்தில் ஏறும். கான்பூர் லிபரேட்டர்களிலும் ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பூட்டித்தான் கரையேற்றினார்கள். 'எந்த விமானம்' என்ற என் கேள்விக்கு ஒற்றைப் பதில் இருக்கவே கூடாது என்று திட்டமிட்டுச் செய்த பொருள் இது. கதை தேடுகிற சேகரிப்பாளனுக்கு இது பிடிக்காதுதான்.

"வேலை செய்யுதான்னு பாத்தீங்களா?" என்றார். அன்றைய அழுத்தத்தைச் செல்போனில் பார்த்து, அங்குலமாக்கி, குமிழைத் திருகினார். முள் தயங்கியது. கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டினார். விலுக்கென்று நகர்ந்து நின்றது. பழைய விமானங்களில் என்ஜின் அதிர்வே இந்தத் தட்டலைச் செய்துவிடும். ஜெட் விமானம் வந்தபின் அதிர்வு போதாமல், முள்ளை உசுப்புவதற்கென்றே தனி அதிர்வுக் கருவி வைத்தார்களாம். கருவியோடு மொட்டை மாடிக்கு ஏறினோம். முள் முப்பது அடிக்கு மேல் கூடியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர், "கொஞ்சம் ஒட்டுது, எண்ணெய் காஞ்சிருக்கும்" என்றதோடு சரி.

எச்சரிக்கை ஒன்றும் சொன்னார். எண்கள் இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய காலம் அது. ஒளிர்வது நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்கவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைக் கழற்றவே கூடாது, படுக்கையறையில் வைக்கக் கூடாது. நான் அதுவரை தலைமாட்டில்தான் வைத்திருந்தேன்.

பலகையில் உயரமானிக்கான துளை மட்டும் காலி. அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அளவுக்கு வைத்துப் பார்க்கிற சாக்கில் பொருத்தி, ரொம்ப நேரம் எடுக்காமல் இருந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு திருப்பம் காட்டும் கருவியைக் கொண்டு வந்தார். அவரிடம் அது இரண்டு இருக்கிறது. இந்த ஒன்றில் நூலில் கட்டிய அட்டை இன்னும் தொங்கியது. கழற்றிய தேதி, காரணம், எந்த விமானத்திலிருந்து என்ற விவரம், எல்லாம் பேனாவில். அவருக்குத் துளை நிறைய வேண்டும், எனக்கு அட்டை வேண்டும். மாற்றிக்கொண்டோம்.

இப்போது பழைய விமானப் பதிவு விவரங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். விமானத்தின் பதிவெண்ணில் வி.டி.-சி என்பது வரை அட்டையில் தெளிவாக இருக்கிறது. அடுத்த எழுத்தில் தண்ணீர் பட்டு மை பரவியிருக்கிறது. ஜியா ஓவா என்று பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.