பர்மா ஜாடி

இரண்டாங்கட்டு மூலையில் அந்தப் பர்மா ஜாடி என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். கரும்பழுப்பு நிறம். தோளைச் சுற்றி நாலு காது. வாயில் எப்போதும் வெள்ளைத் துணியால் வேடு கட்டியிருக்கும். அதை அவிழ்க்கிற உரிமை அப்பத்தாவுக்கு மட்டும்தான். ஈரம் போகக் கையைத் துடைத்துக்கொண்டு மரக்கரண்டியை உள்ளே விடுவாள். மாவடு வாசம் வளவு வரைக்கும் வரும்.

"மண்பானையில போட்டா என்ன அப்பத்தா?"

"உப்புப் பூத்துப் பானையே உதிர்ந்துபோகும்டா. இது உள்ளயும் கண்ணாடி மாதிரி பூசினது. கசியாது."

1942இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது, ஐயா காட்டுவழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். கடை, கணக்கு எல்லாம் அங்கேயே போயிற்று. அதற்கு முன்பே கப்பலில் வந்துவிட்டதால் இந்த ஜாடி தப்பியது. அதைத் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

புது வடு போடுவதற்கு முன் ஜாடியைக் கழுவி, முற்றத்து வெயிலில் சாய்த்துக் காயவைப்பார்கள். அன்று அது என் வசம். தலையை உள்ளே விட்டுக் கத்துவேன். பிறகு வெளிப்பூச்சை விரலால் தடவிக்கொண்டே வருவேன். வழுவழுவென்று வழிந்துவந்த பூச்சு, அடிக்கு மூன்று விரற்கடை மேலே தேன்துளிபோல் திரண்டு நின்றிருக்கும். அதற்குக் கீழே வெறும் மண், சொரசொரவென்று. பாவம், குயவருக்குப் பூச்சு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கோலத்துக்குக் கரைத்து வைத்திருந்த செங்காவியை எடுத்து, மீதியை நானே பூசினேன். அப்பத்தா முதுகில் ஒன்று வைத்தாள்.

பூச்சு தீரவில்லை என்பது வளர்ந்தபிறகுதான் தெரிந்தது. சூளைச் சூட்டில் அது உருகி ஓடும். அடியைத் தொட்டால் ஜாடி சூளைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஓட்டத்துக்கு இடம் விட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். என்ன கண்பார்வை அந்த மனிதருக்கு!

சால்வீன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த மர்தபான் துறைமுகத்தின் பெயரே இவ்வகை ஜாடிகளுக்கு வந்தது. இந்திக்காரர்கள் ஊறுகாய் ஜாடியை இன்றும் மர்தபான் என்றுதான் சொல்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபன் பதூதா, கடற்பயணத்துக்காக உப்பிட்ட மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் நிறைந்த நான்கு மர்தபான்களை ஓர் இளவரசி தனக்குத் தந்ததாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்கு அப்பத்தாவின் மாவடு வாசம் வந்தது.

ஜாடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அப்பத்தா தேங்காய் நாரால் எவ்வளவோ தேய்த்தாள். அடிமண்ணின் சொரசொரப்பில் அந்தக் காவி இன்னும் ஒட்டியிருக்கிறது.