கண் ஒட்டாத கம்பளிப்பூச்சி

ஜனவரியில் ஆணியில் மாட்டுகிற தேதி கிழிக்கும் காலண்டர் எங்கள் வீட்டில் மார்ச் மாதத்திலேயே தீபாவளிக்குப் போய்விடும். கும்பகோணத்தில் என் வீட்டு முன்னறையில் 11 ஆண்டுகளாகச் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் ஆறேழு பேர், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. காலண்டர் எட்டும் உயரத்தில் இருந்தால் கிழிப்பார்கள். இப்போது வேண்டுமென்றே எட்டும் உயரத்தில்தான் மாட்டுகிறேன்.

தொடக்கத்தில் இதையெல்லாம் நான் கைவேலையில் சேர்க்கவில்லை. கைவேலை என்றால் சார்ட் பேப்பர், ஜிகினா, ஃபெவிகால், அம்மாவிடம் காட்ட ஒரு பொருள். முதல் வருடம் முட்டை அட்டையில் கம்பளிப்பூச்சி செய்தோம். ‘செய்தோம்’ என்பது மரியாதைக்கு. முந்தின இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து வெட்டியது நான், பச்சை அடித்தது நான், கண் ஒட்டியது நான். பிள்ளைகள் ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். மறுநாள் ஒரு பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கண்ணு ரெண்டும் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கே, நீதானேம்மா ஒட்டின?” என்றார். குத்திக்காட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம்தான் பிள்ளைகளின் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். கிழிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்கும். தாள் விறைக்குமே தவிரக் கிழியாது. ஒரு கை முன்னே வர, மறு கை பின்னே போக வேண்டும் என்பது சொல்லித் தெரிகிற வித்தை இல்லை. நான் செய்வதெல்லாம் தாளின் ஓரத்தில் நகத்தால் ஒரு சின்னக் கீறல் போட்டுக் கொடுப்பதுதான். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ரிப்பன் மாதிரி நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். மில்லில் தாள் ஓடுகிற திசையில் நார்கள் படுத்திருப்பதால் வருகிற வேறுபாடு இது. ஆகவே சின்னவர்களுக்கு நீளவாக்கில் கீறிக் கொடுப்பேன், மூன்று வயதை நெருங்குகிறவர்களுக்குக் குறுக்கே. கிழித்த தாளைக் கூடையில் போடுவது, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்வது என்று அரைமணி நேரம் போகும். செலவு ஒன்றுமில்லை.

மாவு உருட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வெறுமனே மைதாவைப் பிசைந்து கொடுத்தால் கையில் ஒட்டும், மறுநாள் புளித்து நாறும். பச்சை மாவு வாய்க்குள் போவதும் நல்லதில்லை. நான் களி கிண்டுவது போலக் கிண்டிவிடுகிறேன். ஒரு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தண்ணீர், கால் டம்ளர் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பாத்திரத்தை விட்டு உருண்டு வரும்வரை கிண்டி, ஆறியதும் எண்ணெய்க் கையால் பிசைய வேண்டும். பலர் அரை டம்ளர் உப்புப் போடுவார்கள், அது பல வாரம் கெடாது. ஆனால் இந்த வயதுக்காரர்கள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பவர்கள், அவ்வளவு உப்பு ஆகாது. கால் டம்ளர் போட்டு மூன்றாம் நாள் கொட்டிவிடுகிறேன். தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் ஊற்றினால் ரோஸ், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள்.

கடையில் டப்பாவில் விற்கும் ப்ளே-டோ கூட பொம்மையாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் சுவரில் ஒட்டிய தாளில் படிந்த கரியைத் துடைக்கிற மாவு அது. ஒரு பாலர் பள்ளி ஆசிரியை பிள்ளைகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்தார், பிறகுதான் 1956இல் பொம்மைக் கடைக்கு வந்தது. சப்பாத்தி போடும்போது முந்தானையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைக்கு ஒரு உருண்டை கிள்ளிக் கொடுக்காத வீடு நம் ஊரில் உண்டா!

மாவைக் கொடுத்த பிறகு என்ன செய்வது என்று அம்மாக்கள் கேட்பார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கடினம். நம் கை தானாகவே பாம்பு உருட்டும், பூ செய்யும். அதைப் பார்த்த பிள்ளை தன் மாவை நம்மிடம் நீட்டி “நீ” என்னும். அன்றைக்கு வேலை முடிந்தது. அதனால் நானும் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் செய்வதையே செய்வேன். குத்தினால் குத்துவேன், கிள்ளினால் கிள்ளுவேன்.

கிரேயான்ஸை உடைத்து, தாளை உரித்துக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் உலக்கை பிடிப்பது போலப் பிடிப்பார்கள், ஒரு அங்குலத் துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். வரைந்ததும் “இது என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் ரோடா கெல்லாக் என்பவர் குழந்தைகளின் கிறுக்கல்களை வாழ்நாள் முழுவதும் சேர்த்து, 20 அடிப்படைக் கிறுக்கல்களாக வகைப்படுத்தி 1969இல் புத்தகமாகப் போட்டார். அவற்றில் ஒன்றுகூட யானையோ அப்பாவோ இல்லை, புள்ளியும் கோடும் சுழியும்தான்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டு ஒற்றினால் பூ அச்சு, வாழைமட்டையை வெட்டி ஒற்றினால் வலை போட்டது போன்ற அச்சு. வாழைக்கறை துணியில் விழுந்தால் போகாது, பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்வேன். என் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது மஞ்சள் தாள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் தாளை முக்கிக் காயவைத்துக் கொடுத்தால், குளியல் சோப்பு நுரையைத் தொட்டு வைக்கிற இடமெல்லாம் விரல் விரலாகச் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்து மஞ்சள் சிவப்பதும் சோப்பில் இருப்பது போன்ற காரத்தன்மையால்தான், ஆனால் சுண்ணாம்பு வாயையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும், இவர்கள் பக்கமே கொண்டுவரக் கூடாது. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். அதைப் பார்த்த ஒரு பையன் தாளைத் திருப்பி, சிவப்பு பின்பக்கம் ஒளிந்திருக்கிறதா என்று தேடினான்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையை மாவில் பதித்து விளையாடக் கொடுத்திருந்தேன். கண்ணெதிரேதான் இருந்தேன். ஒருத்தி ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டாள். ஈரத்தில் விதை ஊறும் என்பதால் ஓட்டமாக ஓடினோம், டாக்டர் எடுத்துவிட்டார். பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆகாது. பழைய ஃபிலிம் ரோல் டப்பா கிட்டத்தட்ட அந்த அளவுதான், மேசையில் ஒன்று வைத்திருக்கிறேன். குன்றிமணி விஷம், அது வீட்டிலேயே கிடையாது. கோலப்பொடியும் கல்தூள், மூச்சில் போகும். அரிசி மாவு போதும்.

அரிசி மாவைக் கரைத்து வைப்பது வருடத்துக்கு ஒரு நாள், கிருஷ்ண ஜெயந்திக்கு முதல் நாள். மாக்கோலத்தில் குட்டிப் பாதம் வைக்க நாமெல்லாம் என்ன செய்கிறோம்? கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றி, விரல் நுனியால் ஐந்து பொட்டு. மடக்கிய கைதான் இந்த வயதின் கை. பென்சிலுக்கு ஆகாத அந்த முஷ்டி இங்கே முழுக் கருவியாகிறது. இந்தக் கைக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. பொட்டு வைப்பதில்தான் கணக்குத் தவறும். எங்கள் கிருஷ்ணனுக்கு எட்டு விரல், சில காலுக்கு விரலே இல்லை.

போன வருடம் வாசலிலிருந்து உள்ளே வர வேண்டிய பாதங்கள் ஃபிரிட்ஜ் வரை போய், அங்கிருந்து மேசைக்கு அடியில் புகுந்து, திரும்பி வாசலுக்கே போயின. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வழக்கம்போல ஆளுக்கொரு ஈரத்துணி கொடுத்தேன், சுற்றிச் சிந்தியதைத் துடைக்க. ஒரு வாண்டு முதல் பாதத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் “டாட்டா கிருஷ்ணா” என்று விடைகொடுத்து அழித்துக்கொண்டே போனாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஃபோன் எடுத்துப் படம் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது மேசைக்கு அடியில் ஒரு பாதம் பாக்கி, அதையும் தவழ்ந்து போய் அழித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் அம்மா வந்து பளபளவென்றிருந்த தரையைப் பார்த்தார். “இன்னிக்கு ஒண்ணும் செய்யலையா டீச்சர்?”

அவள் பத்து விரலையும் விரித்து அம்மா முகத்துக்கு நேரே நீட்டினாள். நகக்கண் எல்லாம் வெள்ளை.