அக்காவின் பதினான்கு இன்ச் டிவி

சென்னை,
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? டிவி விஷயத்தைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, “போடா, புதுசே வாங்கிக்கிடுதேன்” என்று வைத்துவிட்டாய். தாளில் எழுதித் தந்தால் கடைக்குக் கையோடு கொண்டுபோகலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

“பழைய டிவியில டிஜிட்டல் வராது” என்று கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. டிஜிட்டல் சிக்னலைப் பிரித்துப் படிக்க உன் டிவிக்குத் தெரியாது. அதைப் படித்துப் படமாகவும் சத்தமாகவும் மாற்றித் தரத்தான் செட்டாப் பாக்ஸ். அந்தப் படத்தை வயரில் கொண்டுவந்து கொடுத்தால் டிவி மறுபேச்சில்லாமல் காட்டும். 2006-ல் ஆரம்பித்த இலவச கலர் டிவி திட்டத்தில் வந்த செட். பிக்சர் டியூப் இன்னும் நன்றாக இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசே வரவில்லை.

மாடியில் நிற்கிற ஆன்டெனா கம்பத்தை மட்டும் மறந்துவிடு. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 வாக்கில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் மூடிவிட்டார்கள். 1982-ல் இலங்கையின் ரூபவாஹினி டிவி தொடங்கிய பிறகு நம்ம பக்கம் ஆளுக்கொரு பூஸ்டர் மாட்டிக் கடல் தாண்டி வந்த படத்தைப் பிடித்தோமே, அந்தக் காலம் முடிந்தது.

இப்போது உனக்கு இரண்டு வழி. கேபிள்காரர் தரும் பாக்ஸை மாட்டி மாசாமாசம் பணம் கட்டலாம். இல்லையென்றால் டிடி ஃப்ரீ டிஷ் வாங்கலாம். டிஷ், பாக்ஸ், மாட்டுகிற கூலி என்று ஒரு தடவைதான் செலவு, மாசக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதில் வருவது பெரும்பாலும் இந்தி சேனல்கள். நம்ம பொதிகை, அதாவது இப்போதைய டிடி தமிழ், வரும். உனக்குச் செய்தியும் பழைய பாட்டும் போதும். அத்தானுக்கு ராத்திரி சீரியல் இல்லாமல் சோறு இறங்காது என்றால் பேசாமல் கேபிள் பாக்ஸையே வாங்கு. இதில் நான் யார் பக்கமும் சேரவில்லை.

ஃப்ரீ டிஷ் என்றால், நம்ம ஊரிலிருந்து அதற்கான சாட்டிலைட் தென்கிழக்கில் நல்ல உயரத்தில் இருக்கிறது. அந்தத் திசையில் வேப்பமரக் கிளை மறைக்காத இடமாகப் பார்க்கச் சொல். டிஷ்ஷை மாட்டுகிறவர் அவசரக்காரராக இருந்தால் நீ பக்கத்திலேயே நில். பழைய ஆன்டெனாவைத் திருப்பத் திருப்ப படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். “நிறுத்து, நிறுத்து” என்று கீழேயிருந்து கத்துவோம். டிஜிட்டலில் அந்த வித்தை செல்லாது. சிக்னல் போதவில்லையென்றால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே கிடக்கும். அதனால் படத்தைப் பார்க்காதே, பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள். அதில் இரண்டு பட்டை தெரியும். ‘ஸ்ட்ரெங்த்’ பட்டை டிஷ் வேறெங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறி நிற்கும், அதை நம்பாதே. ‘குவாலிட்டி’தான் கணக்கு. டிஷ்ஷை ஒரு நூல் அசைத்துவிட்டுச் சில விநாடி காத்திருக்க வேண்டும், பாக்ஸ் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரமாகும். குவாலிட்டி நன்றாக ஏறிய இடத்தில் நட்டை முடுக்கச் சொல். அடைமழையில் கொஞ்ச நேரம் படம் போகும், அது தானாக வந்துவிடும்.

இனி வயர். பாக்ஸோடு வருகிற ஏ.வி. வயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. உன் டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் சிவப்பு சும்மா தொங்கட்டும். சொருகிவிட்டு ரிமோட்டில் ஏ.வி. பட்டனை அழுத்து. ரிமோட் தொலைந்துவிட்டது என்றாயே, பல டிவிகளில் முன்பக்க பட்டனில் சேனலைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் பூஜ்யத்தில் ஏ.வி. வரும்.

கடையில் எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள பாக்ஸைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதே. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். அதன் ஓரத்தில் பால், என்.டி.எஸ்.சி. என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அது பால் பக்கம் இருக்கட்டும். மாறியிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், இல்லையென்றால் உருளும். உடனே “டிவி அவுட்டு” என்று யாராவது சொன்னால் கேட்காதே.

படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சின்னதாகத் தெரியும். இப்போதைய ஒளிபரப்பு அகலத்திரைக்கு, உன்னுடையது பழைய அளவு. பாக்ஸ் மெனுவில் முழுத்திரையாக்க வழியுண்டு. ஆனால் அப்போது இரண்டு ஓரமும் வெட்டுப்படும், அத்தானுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் பாதிதான் தெரியும். எனக்குப் பட்டையே மேல்.

டிவியின் பின்மூடியை மட்டும் யாரையும் கழற்றவிடாதே. சுவிட்சை அணைத்த பிறகும் டியூபில் கரண்ட் தங்கியிருக்கும்.

எதையும் வாங்குமுன் டிவியின் பின்பக்கத்தைப் பையன் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல். மஞ்சள் ஓட்டையே இல்லாமல் ஆன்டெனா ஓட்டை மட்டும் இருந்தால் மாடுலேட்டர் என்று ஒரு சாமான் வேண்டும். அதை இங்கே ரிச்சி தெருவில் தேடி வாங்கி, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி